டான்யூப் கரையில் இரண்டு எல்லைகள்: சைக்கிள் பயணக் குறிப்புகள்

ஜூன் 17, 2023, சனி
வியன்னா – ஹைன்பர்க்

காலை ஏழரைக்கு டான்யூப் தீவில் மிதிக்கத் தொடங்கியபோது வெயில் ஏறவில்லை. காற்று மேற்கிலிருந்து வந்து முதுகில் தள்ளியது. இந்தப் பக்கம் பெரும்பாலும் மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோதான் காற்று அடிக்கும். கிழக்கே போகிற சைக்கிள்காரர்களுக்கு இதைவிட நல்ல சேதி கிடையாது.

தம்பி கோயம்புத்தூரிலிருந்து நான் இருக்கும் வியன்னாவுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆனைகட்டிப் பக்கம் மலையேறி இறங்குகிறவன். அரண்மனைகளைக் காட்டுவதைவிட இந்தப் பாதையை அவனுக்குக் காட்ட வேண்டும் என்பதுதான் எனக்கு ஆசை. பிரான்சின் அட்லாண்டிக் கரையில் தொடங்கி ருமேனியாவின் கருங்கடல் கரை வரை 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் யூரோவெலோ 6 என்ற சைக்கிள் தடத்தில் நாங்கள் எடுத்துக்கொண்டது ஒரு சிறு துண்டு. ஆனால் அந்தத் துண்டுக்குள் ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி என்று மூன்று நாடுகள் வந்துவிடுகின்றன.

டான்யூப் தீவு மனிதர்கள் உண்டாக்கியது. வெள்ளம் நகருக்குள் புகாமல் இருக்க, ஆற்றுக்கு இணையாக இன்னொரு கால்வாய் வெட்டினார்கள். அந்த மண்ணைக் கொட்டியதில் 21 கிலோமீட்டர் நீளத்துக்குத் தீவு உருவானது. 1972இல் தொடங்கிய வேலை 1988 வரை நடந்திருக்கிறது. சனிக்கிழமைக் காலையில் ஓடுகிறவர்கள், நாயோடு நடக்கிறவர்கள், அடுப்பு மூட்ட இடம் பிடிக்க வந்த குடும்பங்கள் என்று கூட்டம். தீவு முடிந்து இடப்பக்கக் கரைக்கு வந்தால் எண்ணெய்க் கிடங்கின் பெரிய பெரிய தொட்டிகள் வரும். அதைத் தாண்டியதும் சட்டென்று லோபாவ் காடு. காடு என்றால் கொசுவும் உண்டு. தண்ணீர் குடிக்க நின்ற இடத்தில் ஒரு நிமிடம்கூட நிற்க முடியவில்லை.

காடு முடிந்ததும் வெள்ளத் தடுப்புக் கரை. இரண்டு பக்கமும் மரங்கள், நடுவில் கயிறு பிடித்துப் போட்டதுபோல நேர்ப்பாதை. கண்ணுக்கெட்டிய வரை வளைவே இல்லை. ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது, ஆனால் கண்ணில் படாது. இந்தக் கரையைச் சலிப்பான பாதை என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. குயில் கூவுகிறது, எதிரே வருகிற ஒவ்வொருவரும் தலையசைக்கிறார்கள், பின்னால் வருகிறவர் தூரத்திலேயே மெதுவாக மணியடித்து, முந்தும்போது நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். இதில் சலிக்க என்ன இருக்கிறது?

ஓர்த் ஊருக்கு முன்னால் தம்பியின் பின்சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. கையில் இருந்த மாற்று ட்யூபைப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பிரெஞ்சுத் தம்பதி வந்து நின்றார்கள். இருவருக்கும் எழுபதை ஒட்டி வயது இருக்கும். நாந்த் நகரத்திலிருந்து ஏப்ரலில் கிளம்பி, கருங்கடல் வரை போகிறார்களாம். அவர் எங்கள் கைப்பம்பை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, தன் பெரிய பம்பை எடுத்து அவரே அடித்துக் கொடுத்தார். அந்த அம்மா ஒரு காகிதப் பையில் செர்ரிப் பழங்களை நீட்டினார். கொட்டைகளை எங்கே போடுவது என்று தம்பி தயங்கியதைப் பார்த்து, அவரே முதலில் புதர்ப் பக்கம் துப்பிக் காட்டிச் சிரித்தார்.

மதியச் சாப்பாடு ஓர்த் ஆற்றங்கரையில். முழுக் கெண்டை மீனை நெருக்கமாகக் கீறி, பூண்டும் மிளகாய்த்தூளும் தடவி, முள்ளும் மொறுமொறுவென்று ஆகும்வரை எண்ணெயில் பொரித்துத் தருகிறார்கள். 18 யூரோ. இரண்டு பேருக்கு ஒரு மீனே போதும் என்று பரிமாறிய பெண்ணே சொல்லிவிட்டார், தட்டு மட்டும் இரண்டு கொண்டு வந்தார். தம்பிக்கு வியன்னா வந்த பிறகு வாய்க்குப் பிடித்த முதல் சாப்பாடு. "காரம்தான் கொஞ்சம் பத்தலக்கா" என்றான். அதைக் கேட்டுவிட்டு அந்தப் பெண் மிளகாய்த்தூள் குப்பியைக் கொண்டுவந்து வைத்தார். எந்த மொழியில் புரிந்ததோ.

பிற்பகலில் ஸ்டாப்ஃபன்ராய்ட் காட்டோரம் வந்தோம். ஆஸ்திரியாவில் சுற்றுச்சூழல் பற்றி யார் பேசினாலும் இந்த இடத்தைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். 1984 டிசம்பரில் இங்கே நீர்மின் நிலையம் கட்ட மரம் வெட்ட ஆள் வந்தபோது, ஆயிரக்கணக்கான மக்கள் உறைபனியில் கூடாரம் போட்டுக் காட்டை மறித்து உட்கார்ந்தார்கள். 19ஆம் தேதி போலீஸ் தடியடி நடத்தியது. மூன்று நாள் கழித்து, கிறிஸ்துமஸ் வருவதால் வேலையை நிறுத்திவைப்பதாகப் பிரதமர் ஃப்ரெட் சினோவாட்ஸ் அறிவித்தார். நின்ற வேலை நின்றதுதான். 1996இல் இந்தக் கரையோரக் காடுகள் தேசியப் பூங்கா ஆயின. நாங்கள் காலையிலிருந்து நிழலில் வந்தது முழுக்க அவர்கள் காப்பாற்றிக் கொடுத்த மரங்களுக்கு இடையில்தான்.

பாலம் ஏறி வலக்கரைக்கு வந்தபோது குறுக்குக்காற்று ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தது. லாரிகள் பக்கத்திலேயே போகின்றன. நான் இறங்கித் தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஹைன்பர்க்கில் அறை 84 யூரோ, காலை உணவோடு. வீட்டுக்கார அம்மா சைக்கிள்களைத் தன் ஒயின் நிலவறைக்குள் வைக்கச் சொன்னார். சைக்கிள் கடை மதியமே பூட்டிவிட்டது, அதனால் மாற்று ட்யூப் வாங்க முடியவில்லை.

சாயங்காலம் ஊரை ஒட்டிய பிரவுன்ஸ்பர்க் குன்றின் மேல் நடந்தே ஏறினோம். 346 மீட்டர்தான், ஆனால் ஏற்றம் செங்குத்து. மேலே போனால் டான்யூப் முழுவதும் தெரிகிறது. எதிர்க்கரையில் தேவின் கோட்டையின் இடிபாடு, அதற்கப்பால் ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராத்திஸ்லாவாவின் அடுக்குமாடிகள். "அக்கா, இதுல எது எந்த நாடு?" என்று தம்பி கேட்டான். விரலால் காட்டினேன். காட்டும்போதே எனக்கும் சரியாகக் கோடு போட முடியவில்லை.

ஜூன் 18, ஞாயிறு
ஹைன்பர்க் – பிராத்திஸ்லாவா – தேவின்

இன்று ஓட்டிய தூரம் குறைவு. எழுத வேண்டியதுதான் அதிகம்.

ஆஸ்திரியாவில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கடை கிடையாது. பேரங்காடி, துணிக்கடை, சைக்கிள் கடை எல்லாம் பூட்டு. இதை நினைவில் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கார அம்மா எங்களுக்கு ரொட்டியும் பாதாமி ஜாமும் வேகவைத்த முட்டையும் கட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

வோல்ஃப்ஸ்டால் ஊர் எல்லையில் தம்பியின் அதே பின்சக்கரம் மறுபடி உட்கார்ந்துவிட்டது. இந்தத் தடவை ட்யூப் வால்வின் அடியில் கிழிந்திருந்தது. அந்த இடத்தில் ஒட்டுப்போட்டாலும் நிற்காது. சாலையோரம் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு நின்றோம்.

எதிர் வீட்டில் ஒருவர் கார் கழுவிக்கொண்டிருந்தார். ஈரக் கையோடு வந்து ட்யூபைத் திருப்பிப் பார்த்தார். "ஆஸ்திரியா இன்று தூங்குகிறது. ஸ்லோவாக்கியாவில் கடை திறந்திருக்கும், வாருங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். கழுவின காரைத் துடைக்கக்கூட இல்லை. சக்கரத்தையும் தம்பியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். என்னை அவர் மனைவி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

அவர்கள் ஸ்லோவாக்கியர்கள். பிராத்திஸ்லாவாவில் வீட்டு விலை ஏற ஏற, அங்கே வேலை பார்க்கிற பலர் எல்லைக்கு இந்தப் பக்கம் வோல்ஃப்ஸ்டால், ஹைன்பர்க், கிட்ஸே போன்ற ஆஸ்திரிய ஊர்களில் வீடு வாங்கிக் குடியேறியிருக்கிறார்கள். அப்போது பிராத்திஸ்லாவாவிலிருந்து ஹைன்பர்க் வரை பேருந்தே ஓடியது. இவர்கள் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறதாம். பிள்ளைகள் இங்கே பள்ளிக்குப் போய் ஜெர்மன் பேசுகிறார்கள், அம்மா அப்பாவுக்கு வேலை அங்கே. காபியோடு, லாடம்போல வளைத்த சிறு ரொட்டிகளை வைத்தார். உள்ளே கசகசாப் பூரணம், இன்னொன்றில் வால்நட். பிராத்திஸ்லாவாவின் பலகாரம் இது. மேல்புறம் பளபளப்பாக, மெல்லிய வெடிப்புகளோடு இருக்க வேண்டும், அதுதான் நல்ல கைக்கு அடையாளம் என்றார்.

பேச்சுவாக்கில் 2020 மார்ச் பற்றிச் சொன்னார். கொரோனா வந்ததும் எல்லையை மூடிவிட்டார்கள். தினமும் போய் வந்த சாலையில் தடுப்பு. வேலைக்குப் போகச் சான்றிதழ், பிறகு பரிசோதனை முடிவு, வாரத்துக்கொரு புது விதி. அவர் அம்மா இருப்பது பிராத்திஸ்லாவாவின் தென்கரைப் பகுதியான பெட்ர்ஷல்காவில், இந்த வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டர்கூடக் கிடையாது. வாரக்கணக்கில் அம்மாவைப் போன் திரையில்தான் பார்த்திருக்கிறார். "எல்லை போய்விட்டது என்றுதான் இங்கே வீடு வாங்கினோம். அது போகவில்லை, கூப்பிட்டால் ஒரே நாளில் வந்து நிற்கிறது" என்றார். சொல்லிவிட்டு எழுந்து போய் இன்னும் இரண்டு ரொட்டி கொண்டுவந்தார்.

ஒன்றரை மணி நேரத்தில் சக்கரம் வந்தது. பெட்ர்ஷல்காவில் ஒரு கடையில் ட்யூப் இரண்டு வாங்கியிருந்தார்கள், ஒன்று நாலரை யூரோ. பெட்ரோலுக்கு ஏதாவது கொடுக்கலாம் என்று பார்த்தால் அந்த மனிதர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அக்கா, நான் ஸ்லோவாக்கியா போயிட்டு வந்துட்டேன், எல்லை எங்க வந்துச்சுன்னே தெரியல" என்றான் தம்பி.

சரி, சைக்கிளில் போகும்போது நின்று பார்க்கலாம் என்று கிளம்பினோம். பெர்க் ஊரைத் தாண்டி, கோதுமை வயல்களுக்கு நடுவே பாதை. பழைய சுங்கச் சாவடியின் கூரைகள் தெரிந்தன, கீழே ஆள் யாரும் இல்லை. வட்டமாக நட்சத்திரங்கள் போட்ட நீலப் பலகையில் ஸ்லோவாக்கியாவின் பெயர். அதைத் தாண்டியதும் தார் நிறம் மாறுகிறது, வழிகாட்டிப் பலகையின் நிறம் மாறுகிறது. அவ்வளவுதான்.

தம்பி சைக்கிளை ஓரம் கட்டிவிட்டுப் பலகைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்து பார்த்தான். இந்தப் பயணத்துக்கான விசாவுக்கு அவன் கொடுத்த காகிதக் கட்டு எனக்குத் தெரியும். வங்கிக் கணக்கு, வருமான வரி, கம்பெனியின் விடுப்புக் கடிதம், என் அழைப்புக் கடிதம், 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, கைரேகை, 80 யூரோ கட்டணம். அதற்காகச் சென்னைக்கு ராத்திரி ரயிலில் போய் வந்தான். அந்த ஒரு விசாவுக்கு அப்போது 27 நாடுகள் திறந்தன, எல்லோரும் சொல்வதுதான். ஒரு வயல்வெளியில் நின்று, யாரும் எதுவும் கேட்காமல் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கால் வைக்கும்போது அது வேறு மாதிரி இருக்கிறது. ரொம்ப நேரம் அவன் ஒன்றும் பேசவில்லை. பாஸ்போர்ட் இருந்த இடுப்புப் பையை மட்டும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

இந்தக் கோடு எப்போதும் இப்படிச் சும்மா இருந்ததில்லை. பெட்ர்ஷல்காவைச் சுற்றி 1930களில் செக்கோஸ்லோவாக்கியா கட்டிய கான்கிரீட் காப்பரண்கள் இன்னும் வயலுக்குள் நிற்கின்றன. ஹிட்லரின் படையை நிறுத்தக் கட்டியவை. ஆனால் 1938 அக்டோபரில், செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதிகளை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த ம்யூனிக் ஒப்பந்தத்துக்குப் பிறகு, பெட்ர்ஷல்கா சண்டையில்லாமலே ஜெர்மனியின் கைக்குப் போனது. போருக்குப் பின் முள்வேலியும் காவல் கோபுரமும் வந்தன. 1989 டிசம்பர் 10ஆம் தேதி, கம்யூனிச ஆட்சி சரிந்துகொண்டிருந்தபோது, பிராத்திஸ்லாவாவிலிருந்து பெருங்கூட்டமாக மக்கள் நடந்தே எல்லை தாண்டி ஹைன்பர்க் வரை போய்விட்டுத் திரும்பினார்கள். காலையில் நாங்கள் ஓட்டி வந்த ஊர்களின் வழியாகத்தான், எதிர்த்திசையில். 2007 டிசம்பர் 21இல் ஸ்லோவாக்கியா, உள் எல்லைகளில் சோதனை வேண்டாம் என்று ஒப்புக்கொண்ட ஷெங்கன் நாடுகளோடு சேர்ந்த பிறகு சோதனைச் சாவடிக்கு வேலை இல்லாமல் போனது.

பெட்ர்ஷல்காவின் அடுக்குமாடிகளைத் தாண்டி ஆற்றங்கரைக்கு வந்தால் எதிரே குன்றின் மேல் நாலு மூலையிலும் கோபுரத்தோடு வெள்ளைக் கோட்டை. இரண்டு அயல்நாடுகளின் எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரே தலைநகரம் இது. ட்ராமும் சைக்கிளும் நடப்பவர்களும் மட்டும் போகிற பழைய பாலத்தின் வழியாக ஊருக்குள் போனோம். அறையில் பைகளைப் போட்டுவிட்டு, வெறும் சைக்கிளோடு ஆற்றை எதிர்த்துத் தேவின் வரை போகலாம் என்றேன். பன்னிரண்டு கிலோமீட்டர். காலை முழுக்கத் தள்ளிய காற்று இப்போது முகத்தில். பரவாயில்லை, வந்தது வீண் போகவில்லை.

தேவினில் மொராவா ஆறு டான்யூபில் வந்து சேர்கிறது. மேலே பாறையின் மேல் கோட்டை, 1809இல் நெப்போலியனின் படை வெடிவைத்துத் தகர்த்தது. கீழே மொராவாவின் அந்தக் கரை ஆஸ்திரியா. கல் எறிந்தால் விழும் தூரம். அந்தக் கரையில் ஒருவர் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார், இந்தக் கரையில் குழந்தைகள் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டிருந்தார்கள். 1989 வரை இந்த ஆற்றோரத்துக்கே ஊர்க்காரர்கள் வர முடியாது, வேலி போட்டிருந்தது. இரவில் நீந்தித் தப்பிக்கப் பார்த்தவர்களைச் சுட்டார்கள். நீந்தத் தெரிந்தவர்களுக்கே ஐந்து நிமிடம்கூட ஆகாத ஆறு.

கரையில் சுதந்திர வாயில் என்ற நினைவுச்சின்னம் இருக்கிறது. சிமெண்ட் வளைவு, அதில் குண்டு பாய்ந்ததுபோலத் துளைகள். செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லையைத் தாண்ட முயன்று உயிரை விட்ட சுமார் 400 பேருக்காக வைத்தது. தம்பி துளைகளில் ஒன்றில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். சைக்கிளில் வந்த நாலைந்து பேர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நின்றார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. முப்பத்துநாலு வருடத்துக்கு முன்பு வரை, இந்தத் தூண்டில்காரர் இருக்கும் இடத்துக்குப் போக ஆசைப்பட்டது சாவதற்குப் போதுமான குற்றமாக இருந்திருக்கிறது.

தேவின் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் சிவப்பு, கறுப்புப் புளிப்புப் பழங்களில் செய்த ஒயினுக்குப் பெயர்போனது. ஒரு கோப்பை வாங்கிப் பார்த்தேன், இரண்டரை யூரோ. இனிப்பு தூக்கல், ஆனால் அடியில் நல்ல புளிப்பு இருக்கிறது. தம்பிக்கு கோஃபோலா. 1960இல் செக்கோஸ்லோவாக்கியாவில் கோலாவுக்குப் பதிலாக உருவாக்கியது. கொஞ்சம் கஷாய வாசனை வரும். அவனுக்கு அது ரொம்பவே பிடித்துவிட்டது, அரை லிட்டரை ஒரே மூச்சில் குடித்தான்.

இரவு பிராத்திஸ்லாவாவில் ஹலுஷ்கி. உருளைக்கிழங்கைத் துருவி மாவோடு பிசைந்து, சிறு சிறு துண்டுகளாகக் கொதிநீரில் தள்ளி வேகவைத்து, செம்மறியாட்டுப் பால் சீஸில் புரட்டித் தருவது. மேலே வறுத்த பன்றிக்கொழுப்பு போடுவார்கள். தம்பி பன்றி சாப்பிட மாட்டான் என்றதும் பரிமாறியவர் சமையலறைக்குள் போய்விட்டு வந்து, வதக்கிய வெங்காயம் போட்டுத் தரட்டுமா என்று கேட்டார். ஒரு தட்டு 9 யூரோ, வியன்னா விலையோடு பார்த்தால் குறைவுதான். சீஸின் புளிப்பும் உப்பும் நாக்கில் நிற்கிறது. சைக்கிள் ஓட்டிவிட்டு வந்த பசிக்கு இதைவிடப் பொருத்தமான சாப்பாடு இருக்க முடியாது.

ஜூன் 19, திங்கள்
பிராத்திஸ்லாவா – ராய்கா – மோஷொன்மஜ்யாரோவார்

காற்று திரும்பிவிட்டது. தென்கிழக்கிலிருந்து, சூடாக, நிற்காமல். மதியம் 31 டிகிரி.

பெட்ர்ஷல்காவிலிருந்து தெற்கே ஆற்றின் கரைமேல் அகலமான தார்ப்பாதை. சறுக்குக் காலணி போட்டவர்கள் கையை வீசிக்கொண்டு போகிறார்கள். கொஞ்ச தூரத்துக்கு ஒரு பெட்டிக்கடை வருகிறது. கோஃபோலா, பொரித்த சீஸ், சுட்ட தொத்திறைச்சி. ஒரு கடையில் தண்ணீர் பாட்டிலை நிரப்பித் தரக் கேட்டோம். கடைக்காரர் நிரப்பியதோடு, எதிர்காற்று என்று சைகை காட்டி, இரண்டு பாட்டிலிலும் ஒரு பிடி ஐஸ் போட்டுக் கொடுத்தார். காசு வேண்டாம் என்று கையசைத்தார்.

சுனோவோவில் ஆறு திடீரென்று கடல் மாதிரி விரிகிறது. அணை. சனிக்கிழமை பார்த்த ஹைன்பர்க் காட்டில் கட்டாமல் விட்ட அணையின் நேர் எதிர்க்கதை இங்கே. 1977இல் செக்கோஸ்லோவாக்கியாவும் ஹங்கேரியும் சேர்ந்து அணைகள் கட்ட ஒப்பந்தம் போட்டன. பிறகு ஹங்கேரி, சுற்றுச்சூழலைச் சொல்லி விலகியது. 1992 அக்டோபரில் ஸ்லோவாக்கியத் தரப்பு இந்த இடத்தில் ஆற்றை மறித்து, பெரும்பகுதித் தண்ணீரைக் கப்சீகோவோ மின்நிலையத்துக்குப் போகும் கால்வாயில் திருப்பிவிட்டது. வழக்கு ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றம் வரை போய் 1997இல் தீர்ப்பு வந்தது. இரண்டு தரப்பிலும் தவறு உண்டு என்று சொன்ன அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் பேச்சு முடியவில்லை. எல்லையாக ஓடும் ஆற்றில் யார் கை வைத்தாலும் அடுத்த வீட்டுக் கிணறு வற்றும். காவிரிப் பக்கத்திலிருந்து வருகிற எங்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சுனோவோ கிராமமும் அதை அடுத்த ருசோவ்ட்ஸே, யாரோவ்ட்ஸே கிராமங்களும் 1947 வரை ஹங்கேரியில் இருந்தவை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பாரிஸ் உடன்படிக்கையில் கோடு நகர்ந்தது, ஊர் அப்படியே இருந்த இடத்தில் இருக்கிறது.

கிராமத்திலிருந்து வயல் பாதையில் திரும்பினால் மூன்று நாடுகளும் கூடும் இடம் வருகிறது. சூரியகாந்தி இன்னும் பூக்கவில்லை. மேற்கே ஆஸ்திரியாவின் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் முக்கோண மேசை, பக்கத்துக்கு ஒரு பெஞ்சு, பெஞ்சுக்கு ஒரு நாடு. தம்பி ஹங்கேரியில் உட்கார்ந்தான், நான் ஆஸ்திரியாவில். பைகள் ஸ்லோவாக்கியாவில். ரொட்டி, தக்காளி, சடைபோலப் பின்னிய புகையூட்டிய சீஸ், இவைதான் சாப்பாடு. சீஸை ஒவ்வொரு நூலாகப் பிரித்துச் சாப்பிட வேண்டும். உப்பு நன்றாகவே உண்டு, வெயிலுக்கு நல்லது. நாய் ஒன்றோடு ஒரு பெரியவர் வந்தார். ஸ்லோவாக்கிய பெஞ்சில் இருந்த எங்கள் பைகளைக் காட்டி, நகர்த்த வேண்டாம் என்று சைகை செய்துவிட்டு, ஹங்கேரியில் தம்பிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் இளைப்பாறினார். போகும்போது எங்களிடம் ஹங்கேரிய மொழியில் விடைபெற்றார், நாயை ஸ்லோவாக்கிய மொழியில் கூப்பிட்டார்.

ராய்கா ஹங்கேரியக் கிராமம். ஆனால் வாசலில் நிற்கிற கார்களில் பாதிக்கு மேல் ஸ்லோவாக்கிய நம்பர். வோல்ஃப்ஸ்டாலில் கேட்ட அதே கதைதான், இங்கே வீட்டு விலை இன்னும் குறைவு என்பதால் கூட்டம் இன்னும் அதிகம். புதுத் தெருக்கள், புது வேலிகள், தோட்டத்தில் ஊஞ்சல். கடையில் முதலில் ஸ்லோவாக்கிய மொழியில் பேசுகிறார்கள், முகத்தைப் பார்த்துவிட்டு ஜெர்மனுக்கு மாறுகிறார்கள்.

லாங்கோஷ் இல்லாமல் ஹங்கேரியை விட்டுப் போகக் கூடாது என்று தீர்மானமாக இருந்தேன். புளிக்கவைத்த மாவைக் கையால் இழுத்து, தட்டு அகலத்துக்கு எண்ணெயில் பொரித்து, பூண்டுத் தண்ணீர் தடவி, புளித்த க்ரீமும் துருவிய சீஸும் மேலே. 1,600 ஃபோரிண்ட். அன்று ஒரு யூரோவுக்கு 370 ஃபோரிண்ட் வாக்கில் போனது, அப்படியென்றால் நாலு யூரோவுக்குச் சற்று மேல். எங்களிடம் ஃபோரிண்ட் இல்லை. கடைக்காரப் பெண் ஐந்து யூரோ நோட்டை வாங்கிக்கொண்டு, மீதிக்கு நாணயம் இல்லாததால் தம்பிக்கு ஊறுகாய் வெள்ளரி இரண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். முதல் கடி சுடச்சுட, ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து. எதிர்காற்றில் வந்த களைப்பு பாதி போய்விட்டது.

மீதித் தூரம் கஷ்டமாகத்தான் இருந்தது. நிழல் இல்லை, காற்று விடவில்லை. தம்பி முன்னால் போய் எனக்குக் காற்றை மறைத்துக் கொடுத்தான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்து, "வர்றியாக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மோஷொன்மஜ்யாரோவாரில் நுழைந்ததும் வரிசையாகப் பல் மருத்துவமனைகள், பலகைகள் எல்லாம் ஜெர்மனில். வியன்னாவில் என் சக ஊழியர்கள் பலர் பல் கட்ட இங்கேதான் வருகிறார்கள், செலவு மிகக் குறைவு.

சாயங்காலம் ரயில் ஏறி, ஹெஜ்யெஷ்ஹாலோமில் மாறி, வியன்னா வண்டியில் சைக்கிள்களைக் கட்டிவைத்து உட்கார்ந்தோம். எல்லை தாண்டியதும் ஆஸ்திரியப் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஹங்கேரி எல்லையில் 2015லிருந்து ஆஸ்திரியா சோதனை வைத்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டித்துக்கொண்டே வருகிறார்கள். பெட்டியில் இருந்த எல்லோரிடமும் ஆவணம் கேட்டார்கள். நான் குடியிருப்பு அட்டையைக் காட்டினேன். தம்பி இடுப்புப் பையைத் திறந்து பாஸ்போர்ட்டைக் கொடுத்தான். விசாப் பக்கத்தைத் தேடி அவர் தாள்களைத் திருப்பியபோது அவன் முதுகு நிமிர்ந்துவிட்டது. விமான நிலையத்தில் நிற்பதுபோல நின்றான், ரயிலில் உட்கார்ந்தே இருந்திருக்கலாம்.

"எங்கிருந்து வருகிறீர்கள்?"

"வியன்னாவிலிருந்து சைக்கிளில், ஸ்லோவாக்கியா வழியாக" என்று தம்பி ஆங்கிலத்தில் சொன்னான்.

இளைய போலீஸ்காரர் சைக்கிள்களைப் பார்த்தார். தானும் அந்தப் பாதையில் போயிருப்பதாகவும், சுனோவோவுக்குப் பிறகு நிழலே கிடையாதே என்றும் சொல்லிப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நல்ல மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனாலும் தம்பி பாஸ்போர்ட்டை உடனே பைக்குள் வைக்கவில்லை, அவர்கள் அடுத்த பெட்டிக்குப் போகும்வரை கையிலேயே வைத்திருந்தான். அவன் பக்கத்தில் இருந்த எனக்கு அது வலித்தது.

அப்புறம் வரைபடத்தை விரித்தான். பேரண்ட்ஸ் கடலிலிருந்து கருங்கடல் வரை, கம்யூனிச நாடுகளை மேற்கிலிருந்து பிரித்த பழைய இரும்புத்திரை எல்லையோரமே போகும் யூரோவெலோ 13 என்ற தடம் மொராவா ஆற்றங்கரையில் வருகிறது. தேவினுக்குக் கொஞ்சம் வடக்கே, ஷ்லோஸ்ஹோஃப் அரண்மனைக்கு எதிரே, அந்த ஆற்றின் மேல் 2012இல் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டும் ஒரு பாலம் கட்டியிருக்கிறார்கள். அதில் போகாமல் ஊருக்குத் திரும்ப மாட்டானாம். வியாழக்கிழமை எனக்கு விடுப்புக் கிடைக்குமா என்று நாளைக் காலை ஆபீசில் கேட்க வேண்டும்.